பழைய அவுட்போர்டு எஞ்சின்: வேகம் குறைந்தால் எங்கே பார்ப்பது?

கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களில் படகின் எஞ்சினும் வீட்டு ஆள் மாதிரிதான். அதற்கு உடம்பு சரியில்லை என்றால் அடுப்பங்கரை வரை தெரிந்துவிடும். நம் அந்தமான் தீவுகளில் பைபர் படகும் அவுட்போர்டு எஞ்சினும் வைத்து மீன்பிடித் தொழிலோ படகுச் சவாரித் தொழிலோ செய்கிறவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. புது எஞ்சின் எல்லோருக்கும் கட்டுபடியாவதில்லை. பத்து, பதினைந்து ஆண்டு உழைத்த எஞ்சினை இன்னொருவரிடமிருந்து வாங்கி ஓட்டுகிறவர்களே பலர். அவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுதான்: "ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது, ஆனால் முன்பு போல இழுக்கவில்லை."

இந்தக் குறைக்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றச் சொல்வார். இன்னொருவர் புரொப்பல்லரை மாற்றச் சொல்வார். மூன்றாமவர், "எஞ்சின் முடிந்தது, விற்றுவிடு" என்பார். மூவர் பேச்சையும் கேட்டுப் பணத்தைச் செலவழித்த பிறகும் படகு அதே வேகத்தில் போனால் என்ன செய்வது? ஊரில் கிடைக்காத உதிரிப் பாகம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கி.மீ. கடல் தாண்டி வரவேண்டும். தவறான பாகத்தை வரவழைத்தால் பணம் மட்டுமா போகிறது? தொழில் நாட்களும் போகின்றன.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே நோயின் இருப்பிடத்தைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடியும். அதற்கான வரிசையை இந்தப் பாடத்தில் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு 40 குதிரைத்திறன் கொண்ட, இரண்டு சிலிண்டர், இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை வைத்துக்கொள்வோம். மற்ற எஞ்சின்களுக்கும் முறை இதுவே. எண்களை மட்டும் அந்தந்த எஞ்சினின் கையேட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி: குறைந்தது எது?

வேகம் குறைந்தது என்று சொல்லும்போது இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, படகு தண்ணீரில் போகும் வேகம். மற்றொன்று, எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று, அதாவது ஆர்.பி.எம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்தும் சுற்றும் குறைவு, வேகமும் குறைவு என்றால், எஞ்சினின் பலம் குறைந்திருக்கிறது. அல்லது அதன்மேல் ஏறியிருக்கும் பாரம் கூடியிருக்கிறது. சுற்று சரியாக, அல்லது வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தும் வேகம் மட்டும் குறைவு என்றால், எஞ்சின் தன் வேலையைச் செய்கிறது. அந்த உழைப்பு தண்ணீருக்குப் போய்ச் சேரவில்லை. அப்போது கார்புரேட்டரைக் கழற்றுவது வீண் வேலை. புரொப்பல்லரையும் எஞ்சின் மாட்டியிருக்கும் உயரத்தையும் பார்க்க வேண்டும்.

இந்த வகை எஞ்சின்களில் பலவற்றுக்கு, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்தால் 4,500 முதல் 5,500 வரை சுற்று வரவேண்டும் என்று தயாரிப்பாளர்கள் குறித்திருப்பார்கள். உங்கள் எஞ்சினுக்கு உரிய எண்ணைக் கையேட்டில் பார்த்து, எஞ்சின் மேல்மூடியின் உட்புறத்தில் அழியாத மையால் எழுதி வையுங்கள்.

பழைய எஞ்சினில் சுற்றுமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பிளக் வயரின் மேல் ஒரு கம்பியைச் சுற்றி மாட்டும் சிறிய டிஜிட்டல் மானி அதிக விலையில்லாமல் கிடைக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் பொதுவாக ஒரு சுற்றுக்கு ஒரு தீப்பொறி. மானியில் அந்த வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் பாதியோ இரட்டிப்போ காட்டும். பழைய மானி வைத்திருப்பவர்களும் புதிய மானி ஒன்றை மாட்டி ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. எஞ்சின் நன்றாக இருந்து மானி பொய் சொல்வதும் உண்டு.

அளந்து எழுதுங்கள்

அலை இல்லாத நேரத்தில், மறைவான நீர்ப்பரப்பில், இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் எழுதட்டும். உயிர்காப்பு உடுப்பும், எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறும் கட்டாயம். வேகத்தைக் கைப்பேசியின் ஜி.பி.எஸ். காட்டும். நீரோட்டம் கூட்டியோ குறைத்தோ காட்டும் என்பதால் ஒரே பாதையில் போகவும் வரவும் அளந்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டியவை: ஆக்சிலேட்டர் முழுதாகத் திறந்தபோது சுற்று எவ்வளவு, வேகம் எவ்வளவு, படகில் எத்தனை பேர், எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு சாமான். இவற்றோடு, குறை எப்போது தெரிகிறது என்பதும் முக்கியம். கிளம்பியதிலிருந்தே மந்தமா? அல்லது நன்றாகக் கிளம்பி ஐந்து நிமிடம் கழித்து விழுகிறதா? நன்றாக ஓடிப் பின்பு விழுந்தால் எரிபொருள் போதாமல் வருகிறது, அல்லது சூடேறிய பின் காயில் போன்ற ஏதோ மின்பாகம் தளர்கிறது என்று முதல் சந்தேகம் கொள்ளலாம். கிளம்பும்போதே எழும்பாமல் இழுத்துக்கொண்டு போனால் பாரம், புரொப்பல்லர், செத்துப்போன சிலிண்டர் ஆகிய மூன்றையும் சந்தேகிக்கலாம்.

வேகத்துக்கு ஒரு கணக்கு

புரொப்பல்லரின் நடுப்பகுதியில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது அதன் விட்டம், இரண்டாவது பிட்ச். மரத்தில் ஸ்குரூ ஏறுவது போல, வழுக்காமல் இருந்தால் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பதே பிட்ச். எஞ்சினின் சுற்று அப்படியே புரொப்பல்லருக்குப் போவதில்லை. கீழே உள்ள கியர் அதைக் குறைத்துக் கொடுக்கிறது. கியர் விகிதம் 2 என்றால் எஞ்சின் இரண்டு முறை சுற்றினால் புரொப்பல்லர் ஒருமுறை சுற்றும்.

சுற்றைப் பிட்ச்சால் பெருக்கி, வந்ததைக் கியர் விகிதத்தாலும் 1,215 என்ற எண்ணாலும் வகுத்தால், வழுக்கலே இல்லாத வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.

நம் எடுத்துக்காட்டு எஞ்சினுக்குப் பிட்ச் 13, கியர் விகிதம் 2 என்று வைப்போம். 5,000 சுற்றில் இது ஏறத்தாழ 26.7 நாட். உண்மையில் படகு 22 நாட் போகிறது என்றால் வழுக்கல் ஏறத்தாழ 18 விழுக்காடு. தண்ணீர் மரத்தைப் போல் கெட்டியானது அல்ல. ஆகவே கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். நல்ல நிலையில் உள்ள இலகுவான படகுக்கு 10 முதல் 20 விழுக்காடு வரை இயல்பு.

இப்போது குறை வந்த பிறகு அளக்கிறோம். சுற்று 4,000, வேகம் 17 நாட் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 21.4 நாட் வரவேண்டும். வழுக்கல் 21 விழுக்காடு. முன்பிருந்ததற்கு ஏறத்தாழ அதேதான். புரொப்பல்லர் தண்ணீரை நன்றாகவே பிடிக்கிறது. அதனால் எஞ்சின் பக்கமோ பாரத்தின் பக்கமோ தேட வேண்டும். மாறாக, சுற்று 5,300, வேகம் 12 நாட் என்று வந்தால்? கணக்கு 28.4 நாட் காட்டும். வழுக்கல் 58 விழுக்காடு! எஞ்சினைத் தொடாமல் புரொப்பல்லரிடம் போகலாம்.

இன்னொரு உண்மையையும் இங்கே தெரிந்துகொள்வது நல்லது. புரொப்பல்லரைச் சுற்றத் தேவையான சக்தி, சுற்றைப் போலவே நேராக ஏறுவதில்லை. ஏறத்தாழ அதன் கன அளவில் ஏறுகிறது. 5,000 சுற்று 4,000 ஆனால் சுற்றில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512. அதாவது படகும் புரொப்பல்லரும் மாறாதிருந்தால் எஞ்சின் பழைய பலத்தில் பாதியைத்தான் கொடுக்கிறது! "ஆயிரம் சுற்றுதானே குறைந்திருக்கிறது" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். இரண்டு சிலிண்டரில் ஒன்று படுத்துவிட்டாலும் இப்படிப்பட்ட வீழ்ச்சி வரும்.

காசு செலவில்லாத சோதனைகள்

முதலில் பாரத்தைப் பாருங்கள். இதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம்.

படகின் தளத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கிறதா? மூன்று மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலப் பரப்பில் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 150 லிட்டர், 150 கிலோ. இரண்டு ஆள் கூடுதலாக உட்கார்ந்திருப்பது போல. பழைய பைபர் படகுகளில் மிதப்புக்காகத் தளத்தின் அடியில் அடைத்த நுரைப்பஞ்சு வருடக்கணக்கில் தண்ணீர் குடித்து ஊறிப்போவதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கனம் படகை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். முன்பு நான்கு பேர் மேலே இழுத்த படகுக்கு இப்போது ஆறு பேர் வேண்டியிருந்தால் அதுவே அடையாளம். தளத்தில் ஒரு சிறிய துளை போட்டுப் பஞ்சைக் கிள்ளிப் பார்த்து, பிறகு பிசின் கொண்டு மூடிவிடலாம்.

அடுத்து படகின் அடிப்புறம். தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகில் பாசியும் சின்னச் சிப்பிகளும் சீக்கிரமே ஒட்டிவிடும். வெதுவெதுப்பான நம் கடலில் இது இன்னும் வேகமாக நடக்கும். கை வைத்தால் சொரசொரப்பாக இருக்கும் அடி, வேகத்தைத் தின்றுவிடும். புரொப்பல்லர் இலைகளில் ஒட்டிய சிப்பியும் அப்படித்தான். சுரண்டிக் கழுவிய பிறகு மறுபடி ஒரு முறை ஓட்டி அளந்து பாருங்கள். சில படகுகளின் குறை அத்துடன் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, எஞ்சின் மாட்டியிருக்கும் உயரம். புரொப்பல்லருக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கிறதல்லவா? அது படகின் அடிமட்டத்தோடு ஏறத்தாழ ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அதிகமாகக் கீழே இறங்கியிருந்தால் எஞ்சினின் கால் தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும். அதிகமாக மேலே இருந்தால் புரொப்பல்லர் காற்றை உறிஞ்சி வெறுமனே சுற்றும். எஞ்சினின் சாய்வை மாற்றும் ஊசியும் இதில் சேரும். படகின் முன்பக்கம் தண்ணீரில் புதைந்தால் ஊசியை ஒரு துளை வெளியே வையுங்கள்; வானத்தைப் பார்த்தால் ஒரு துளை உள்ளே வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு துளைதான். ஒவ்வொரு முறையும் அளந்து எழுதவும்.

ஆக்சிலேட்டர் முழுதாகத் திறக்கிறதா?

எளிய காரியம் என்பதாலேயே பலர் இதைப் பார்ப்பதில்லை. எஞ்சினை நிறுத்தி, மேல்மூடியைக் கழற்றி, ஒருவர் ஆக்சிலேட்டரை முழுதாகத் திருக, மற்றவர் கார்புரேட்டர் வாயைப் பார்க்கட்டும். உள்ளே இருக்கும் வட்டத் தகடு முழுதாகத் திறந்து காற்று போகும் திசைக்கு இணையாகப் படுக்க வேண்டும். கேபிள் நீண்டு தளர்ந்திருந்தால் முக்கால் அளவோடு நின்றுவிடும். இரண்டு கார்புரேட்டர் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இதே இணைப்புக் கம்பிதான் பல பழைய எஞ்சின்களில் தீப்பொறி விழும் நேரத்தையும் முன்னே தள்ளுகிறது. துருப்பிடித்தோ உப்பேறியோ அந்தத் தட்டு முழுதாக நகராவிட்டால், பெட்ரோல் சரியாக வந்தும் எஞ்சின் சுற்று ஏறாது. நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைத்து, கிரீஸ் தடவி, கடைசி நிறுத்தம் வரை போகிறதா என்று சோதியுங்கள்.

எரிபொருள் வந்து சேர்கிறதா?

இந்தப் பகுதியை ஊன்றிப் படிக்க வேண்டும். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஓட்டும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. சாப்பாடும் மருந்தும் ஒரே கிண்ணத்தில் வருகிற மாதிரி. முழு ஆக்சிலேட்டரில் பட்டினி கிடக்கும் எஞ்சின் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு சிறு அடைப்பைக் கவனிக்காமல் விட்டு முழு எஞ்சினையும் இழப்பது இப்படித்தான். ஆகவே நடுவழியில் வேகம் விழுந்தால், "எப்படியாவது போய்ச் சேரட்டும்" என்று முழு ஆக்சிலேட்டரில் விரட்டக் கூடாது. ஆக்சிலேட்டரைக் குறைத்து மெதுவாகக் கரைக்கு வாருங்கள்.

சோதனை இது. படகு முழு ஆக்சிலேட்டரில் போகும்போது, உடன் வந்தவர் பெட்ரோல் டியூபில் இருக்கும் ரப்பர் கை பம்பை அமுக்கிக்கொண்டே இருக்கட்டும். சுற்று ஏறினால் பெட்ரோல் போதாமல்தான் தவித்திருக்கிறது என்பது உறுதி. அடுத்து அந்தக் கை பம்பையே கவனியுங்கள். உள்ளே சப்பிப்போய்க் கிடந்தால் அடைப்பு டேங்க் பக்கத்தில் இருக்கிறது: டேங்க் மூடியின் காற்றுத் துளை திறக்கவில்லை, உறிஞ்சு குழாயின் வலையில் அழுக்கு, அல்லது டியூபின் உட்தோல் பிரிந்து வழியை மறைக்கிறது. எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாகாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று உள்ளே புகுகிறது, அல்லது பம்பின் வால்வு போய்விட்டது. கை பம்ப் ஒழுங்காக இருந்தும் அமுக்கினால்தான் சுற்று ஏறுகிறது என்றால் எஞ்சினில் உள்ள பெட்ரோல் பம்பின் டயாபிரம் கிழிந்திருக்கலாம்.

சந்தேகம் தீர எளிய வழி, நண்பரிடம் நல்ல டேங்கையும் டியூபையும் ஒரு மணி நேரம் இரவல் வாங்கி மாட்டி ஓட்டிப் பார்ப்பது. குறை மறைந்தால் உங்கள் டேங்கிலும் டியூபிலுமே கோளாறு. எஞ்சினைப் பிரிக்க வேண்டியதில்லை.

டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். மழையும் ஈரக்காற்றும் அதிகமுள்ள தீவுகளில் பாதி காலியான டேங்கின் உட்சுவரில் நீர் வியர்ப்பது இயல்பு. எத்தனால் கலந்த பெட்ரோலில் இன்னொரு தொல்லை உண்டு. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். பழைய ரப்பர் டியூபுகளையும் கேஸ்கட்டுகளையும் அரிக்கும். வாரக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

ஆயில் கலவையையும் சொல்லிவிடுவோம். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, பத்து லிட்டருக்கு 200 மில்லி. உங்கள் எஞ்சினின் கையேடு சொல்லும் விகிதமே சரி. செலவு குறையும் என்று பெட்ரோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் கலப்பது பெரும் தவறு. மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் அளவு குறைவு. எஞ்சின் தட்டத் தொடங்கி, பிஸ்டனைத் தின்றுவிடும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் அதற்கென்றே குறைந்த அழுத்தத்தோடு செய்யப்பட்டவை.

இவ்வளவுக்குப் பிறகும் பட்டினி தீரவில்லை என்றால்தான் கார்புரேட்டர். பெரிய ஜெட்டின் துளையை இரும்புக் கம்பியால் குத்தாமல், கிளீனர் விட்டுக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவை மாறிவிடும்.

சிலிண்டர் இரண்டும் உழைக்கின்றனவா?

முழு ஆக்சிலேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, அப்படியே எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறிய பின் இரண்டு பிளக்கையும் கழற்றி அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. ஒன்று காய்ந்து மற்றது ஈரமாகக் கறுத்திருந்தால் அந்த ஈர சிலிண்டர் எரியவில்லை. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடு அதிகம். துருவோ நீர்த்துளியோ தெரிந்தால் தலைக் கேஸ்கட் வழியே தண்ணீர் புகுகிறது.

எரியாத சிலிண்டருக்கு முதலில் புதிய பிளக் போடுங்கள். பிறகு கடையில் கிடைக்கும் ஸ்பார்க் டெஸ்டர் கொண்டு தீப்பொறியைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பிளக் வயரைக் கையால் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். ஆளுக்கும் அடிக்கும், எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டியும் போய்விடும். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் தீப்பொறிச் சோதனை கூடவே கூடாது.

ஒரு சிலிண்டரில் தீப்பொறி இல்லையென்றால், முடிந்தால் இரண்டு காயில்களையும் இடம் மாற்றிப் போடுங்கள். குறையும் சேர்ந்து இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால் அதற்கு முன்னால் உள்ள வயர், இக்னிஷன் பெட்டி, மேக்னெட்டோ என்று வரிசையாகப் பின்னோக்கிப் போகலாம். பாகம் எதுவும் வாங்காமலேயே கிடைக்கும் விடை இது.

குளிர்நீரையும் மறக்கக் கூடாது. எஞ்சின் பின்னால் பீச்சும் தண்ணீர் மெலிந்திருந்தால் தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை தேய்ந்திருக்கிறது. சூடேறிய எஞ்சின் பலம் இழக்கும். சில எஞ்சின்கள் தங்களைக் காத்துக்கொள்ளச் சுற்றைத் தாமாகவே குறைத்துவிடும். தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். அந்த ரப்பர் உடனே கெட்டுவிடும்.

அழுத்தச் சோதனை: வைத்திருப்பதா, விற்பதா?

எஞ்சின் முடிந்துவிட்டதா என்ற பெரிய கேள்விக்கு வாய்ப் பேச்சு போதாது, அழுத்தமானி வேண்டும். எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எஞ்சின் உடம்போடு எர்த் செய்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து, மானியை ஒரு துளையில் பொருத்துங்கள். முள் மேலே ஏறாமல் நிற்கும் வரை நான்கைந்து முறை கயிற்றை இழுங்கள். அடுத்த சிலிண்டருக்கும் அப்படியே.

மானிக்கு மானி எண் மாறும் என்பதால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே முக்கியம். 115-ம் 110-ம் வந்தால் கவலை இல்லை. 115-ம் 80-ம் வந்தால் கவலைதான். பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் சந்தேகப்பட வேண்டும். குறைவான சிலிண்டரில் ஒரு சிறு கரண்டி ஆயில் விட்டு மறுபடி இழுத்தால் அழுத்தம் ஏறுகிறதா? ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கரி என்றால் அதை நீக்கும் மருந்து விட்டே சில எஞ்சின்கள் திரும்பிவிடும். ஏறாவிட்டால் தலைக் கேஸ்கட், அல்லது பிஸ்டன். எஞ்சினைத் திறக்கும் முடிவையும், செலவா விற்பனையா என்ற முடிவையும் இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு எடுங்கள். பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்களும் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணத்தை எண்ணக் கூடாது.

கடைசியில் புரொப்பல்லர்

சுற்று ஏறியும் வேகம் வராத படகுக்கு இதுவே முதல் இடம். புரொப்பல்லரின் நடுவில் ரப்பர் புஷ் ஒன்று இருக்கும். பாறையில் மோதினால் கியர் உடையாமல் காப்பது அதுதான். வயதானால் அது பிடி விட்டு வழுக்கும். மெதுவாகப் போகும்போது தெரியாது. வேகம் கூட்டினால் எஞ்சின் கத்தும், படகு நகராது. எஞ்சினை நிறுத்தி, பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றிய பின், உள் வளையத்திலிருந்து வெளிப்புறம் வரை பெயின்டால் ஒரு நேர்கோடு போடுங்கள். முழு ஆக்சிலேட்டரில் ஒரு சுற்றுப் போய்வந்து பாருங்கள். கோடு இரண்டு துண்டாக விலகியிருந்தால் புஷ் வழுக்குகிறது. பழுது பார்க்கும் கடையில் புது புஷ் அழுத்திப் போடலாம்.

இலையின் ஓரம் வளைந்தோ பிய்ந்தோ இருந்தாலும் வழுக்கல் கூடும். அதிர்வும் வரும்; அந்த அதிர்வு கியர்ப் பெட்டியின் ஆயில் சீலைத் தேய்க்கும்.

சுற்று குறைவாக இருந்து, மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தால், உங்கள் படகுக்குப் பிட்ச் அதிகமாக இருக்கலாம். வேறு படகில் இருந்த எஞ்சினை அதன் புரொப்பல்லரோடு வாங்கியவர்களுக்கு இது நேரும். பிட்ச்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று ஏறத்தாழ 150 முதல் 200 வரை ஏறும். நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு, குறித்த எல்லைக்குள் சுற்று வரும்படி தேர்ந்தெடுங்கள். எல்லைக்குக் கீழே திணறி ஓடும் எஞ்சின் சூடேறும். எல்லைக்கு மேலே பறக்கும் எஞ்சின் தேயும்.

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு சிலிண்டர் படுத்துக் கிடக்கும் எஞ்சினுக்குச் சிறிய பிட்ச் மாட்டினாலும் சுற்று ஏறத்தான் செய்யும். குணமாகிவிட்டது என்று தோன்றும். உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருக்கும். ஒருநாள் கரை தெரியாத இடத்தில் மற்ற சிலிண்டரும் நின்றுவிடும்.

நினைவில் வைக்க

சுற்றையும் வேகத்தையும் சேர்த்து அளந்த பிறகே ஸ்பேனரை எடுங்கள். பாரம், ஆக்சிலேட்டர், எரிபொருள், தீப்பொறி, அழுத்தம், புரொப்பல்லர் என்ற வரிசையில் போங்கள். சுற்று ஏறியும் வேகம் வராதவர்கள் மட்டும் எஞ்சினின் உயரத்திலும் புரொப்பல்லரிலும் தொடங்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதும் மறுபடி அளவு. இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.

ஒவ்வொரு படகுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எஞ்சின் நன்றாக ஓடும் இன்றைக்கே முதல் பக்கத்தில் சுற்று, வேகம், பாரம், பிட்ச், இரண்டு சிலிண்டரின் அழுத்தம் ஆகியவற்றை எழுதுங்கள். வேகக் கணக்கைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். மெக்கானிக்கிடம் போகும்போது "இழுக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் அவரும் ஊகித்துத்தான் வேலை பார்ப்பார். "போன மாசம் 5,000 சுற்று, 22 நாட், இப்போது 4,000 சுற்று, 17 நாட், கை பம்பை அமுக்கினால் ஏறுகிறது" என்று சொன்னால், அவர் நேராகப் பெட்ரோல் பம்பைத் திறப்பார். அன்று சாயங்காலமே படகு தண்ணீரில் இறங்கும்.